தக்காளி, கத்தரி பச்சையாவே வாடி சாகுதா? மருந்தை விடுங்க, வேரை மாத்துங்க

வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர்னு நம்ம ஏரியாவுல மாடித்தோட்டம் போட்டவங்க நிறைய பேர் சொல்ற புலம்பல் இது. செடி நல்லா பச்சையா இருக்கு, பூவும் வந்துடுச்சு, திடீர்னு மதியத்துல தொங்குது, சாயங்காலம் நிமிருது, ரெண்டு மூணு நாள்ல மொத்தமா போயிடுது, இலை மஞ்சள் கூட ஆகல. உடனே தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் ஊத்துவாங்க, ஆனா பல நேரம் காரணம் மண்ணுல இருக்குற ஒரு பாக்டீரியா கிருமி, ஈரம் ஏற ஏற அதுக்குத்தான் கொண்டாட்டம்.

முதல்ல இது பாக்டீரியா வாடல்தானான்னு பாருங்க. வாடின செடியோட தண்டை அடியில ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி எடுத்து வெட்டுன முனை மட்டும் முங்குற மாதிரி அசையாம புடிங்க. கொஞ்ச நேரத்துல ஊதுபத்தி புகை தலைகீழா எறங்குற மாதிரி வெள்ளையா ஒரு நூல் கீழ வரும். அதுதான் ரால்ஸ்டோனியாங்கிற அந்த பாக்டீரியா, மண்ணுல இருந்து வேர் வழியா உள்ள போய் தண்ணி போற குழாயையே அடைச்சுடும். வந்த செடிய காப்பாத்த மருந்து கிடையாது, சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியா கலவை கூட முன்னாடியே போட்டா கொஞ்சம் உதவும், அவ்ளோதான். அதனால எதிர்ப்பு உள்ள ரகம் நடணும், இல்லன்னா எதிர்ப்பு உள்ள வேற செடியோட வேர் மேல நம்ம செடிய ஒட்டு கட்டணும், இந்த ரெண்டுதான் வழி.

ரகம்னா, பெங்களூர் ஹெசரகட்டாவுல இருக்குற இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா ஆபா, அர்கா அலோக் தக்காளி இருக்கு. அர்கா ரக்ஷக் ஹைப்ரிட், அது இலைச்சுருட்டு வைரஸையும் தாங்கும், ஆனா அதுல இருந்து விதை எடுத்து திரும்ப போட்டா அதே குணம் வராது, ஆபா, அலோக்ல எடுக்கலாம். கத்தரிக்கு அர்கா நிதி, அர்கா கேசவ், இல்லன்னா கேரளா வேளாண் பல்கலைக்கழகத்தோட சூர்யா, ஹரிதா. மிளகாய்க்கு அவங்களோட உஜ்வலா. கடையில "நோய் தாங்கும்"னு சொன்னா எந்த நோய்னு கேளுங்க, வைரஸ் தாங்குறது எல்லாம் வாடலை தாங்காது.

எதிர்ப்புன்னா நோயே வராதுன்னு அர்த்தம் இல்ல. இந்த குணம் ஒரே ஜீன்ல இல்ல, ஹவாய் 7996ங்கிற தக்காளியில ஆராய்ஞ்சப்போ 6வது, 12வது குரோமோசோம்ல முக்கியமான பகுதிகள் இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. பல ஜீன் சேர்ந்து வேலை செய்றதால நம்ம ஊரு மே மாச சூட்டுலயும், வேர்ல நூற்புழு (கண்ணுக்கு தெரியாத மண்புழு மாதிரி சின்ன பூச்சி) உண்டாக்குற முடிச்சு இருந்தாலும் எதிர்ப்பு குறையும். இன்னொன்னு, நல்லா நிக்குற செடிக்குள்ளயும் கிருமி இருக்கலாம், அந்த தொட்டி மண்ணை பக்கத்து தொட்டிக்கு கொட்டாதீங்க.

கத்தரிக்கு என்னோட முதல் ஆலோசனை சுண்டைக்காய் வேர்லதான் ஒட்டு கட்டணும். மார்க்கெட்ல வாங்குற பச்சை சுண்டைக்காய்ல விதை முத்தியிருக்காது, செடியிலயே மஞ்சளா பழுத்ததுல எடுங்க. முளைக்க ரொம்ப லேட் பண்ணும், அதனால கத்தரி விதைய விட மூணு நாலு வாரம் முன்னாடியே போட்டுடணும். ரெண்டு தண்டும் ஒரே தடிமன்ல வந்ததும், சுண்டைய ரெண்டு இலைக்கு மேல வெட்டி நடுவுல ஒரு சென்டிமீட்டர் பிளந்து, கத்தரி நுனிய ஆப்பு மாதிரி சீவி சொருகி, கிளிப் போடுங்க. ஒவ்வொரு செடிக்கும் பிளேடை ஸ்பிரிட்ல துடைங்க, இதுல சோம்பேறித்தனம் வேணாம். பாலிதீன் கவர் மூடி நிழல்ல ஒரு வாரம் பத்து நாள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா திறங்க.

தக்காளிக்கு வாடலை தாங்குற கத்தரியோட வேர்தான் நல்லது, தைவான்ல இருக்குற உலக காய்கறி மையம் ஈஜி203ன்னு ஒரு கத்தரிய இதுக்குன்னே சிபாரிசு பண்ணுது, தண்ணி தேங்குறதையும் தாங்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது பெரிய விஷயம்.

நடும்போது ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேலயே இருக்கணும், புதைஞ்சுட்டா மேல் செடி தானா வேர் விட்டு அது வழியா கிருமி ஏறிடும், பட்ட பாடு வீண். ஒட்டுக்கு கீழ சுண்டை துளிர் வந்தா அப்பப்போ கிள்ளிடுங்க.