கிளாடா மோதிரம் வாங்கப் போகிறீர்களா? கதையைக் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், அதன் தலையில் ஒரு கிரீடம். கை நட்பு, இதயம் காதல், கிரீடம் விசுவாசம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகர மதிலுக்கு வெளியே இருந்த கிளாடா என்ற மீனவர் குப்பத்தின் பெயரால் இதை அழைக்கிறார்கள்.

விற்பவர் முதலில் எடுத்துவிடுவது கதையைத்தான். ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற கால்வேக்காரர் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸில் ஒரு பொற்கொல்லரிடம் அடிமையாக இருந்து தொழில் கற்று, 1689 வாக்கில் விடுதலையாகி ஊர் திரும்பி, காத்திருந்த காதலிக்கு முதல் மோதிரத்தைச் செய்து போட்டாராம். ஜாய்ஸ் நிஜ ஆள்தான், 1700ஐ ஒட்டி அவர் முத்திரை குத்திய மோதிரங்கள் உண்டு. ஆனால் கை கோத்த மோதிரம் ரோமானியர் காலத்துச் சமாச்சாரம். தவிர, பழைய கிளாடா மோதிரங்களில் பெரும்பாலானவை தங்கம், அதனால் "1700ஆம் வருஷத்து வெள்ளி" என்றால் சந்தேகப்படுங்கள்.

கதையை விட்டுவிட்டு, லென்ஸ் வைத்து வளையத்தின் உட்புறத்தைப் பாருங்கள். கிரீடம் வைத்த யாழ் முத்திரை தெரிந்தால் டப்ளினில் உலோகத்தின் தரம் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் உருவம், அதாவது அயர்லாந்தையே பெண்ணாகக் காட்டும் ஹைபர்னியா, இருந்தால் அது 1730க்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்த முத்திரை வந்ததே அப்போதுதான். வெள்ளியின் தரத்தைச் சொல்லும் 925 என்ற எண் மட்டும் இருந்தால் அநேகமாக நம் காலத்துச் சுற்றுலாச் சரக்கு. அதற்காக முத்திரை குறைவாக இருப்பதெல்லாம் போலி என்றும் முடிவு கட்டாதீர்கள், அந்தக் கால கால்வே வேலைப்பாட்டில் செய்தவரின் எழுத்து மட்டுமே இருப்பதும் உண்டு.

வாங்கியாச்சு, சரி. அடுத்த தவறு பற்பசை போட்டுத் தேய்ப்பது. மோதிரத்தில் செதுக்கிய விரல்களின் இடுக்குகளில் தங்கிய கறுப்புதான் அந்தக் கைகளைக் கைகளாகக் காட்டுகிறது, அது போனால் மொழுமொழு என்று ஆகிவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அளவு மாற்றக் கொடுத்தால் முத்திரை இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டாம் என்று ஆசாரியிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள், வெட்டிப் பற்றவைத்தபின் புலம்பிப் பயனில்லை.

அப்புறம் போடும் விதம். வலது கையில் இதயத்தின் முனை விரல் நுனியைப் பார்த்தால் தனி ஆள், மணிக்கட்டைப் பார்த்தால் மனதில் யாரோ இருக்கிறார்கள். இடது கையில் முனை வெளியே பார்த்தால் நிச்சயதார்த்தம், உள்ளே பார்த்தால் கல்யாணமே ஆகிவிட்டது. தனி ஆளாக கால்வே பக்கம் போகிறவர்கள் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.