புயல் நிவாரணம்: ஒரு யாழ்ப்பாணப் பங்கு செய்யவேண்டியவை

வடக்கைத் தாக்கிய புயல்களின் திகதிகளை ஒருமுறை பாருங்கள். 1964 டிசம்பர் 22-23. 2008 நவம்பரில் நிஷா. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவி. 2024 நவம்பர் கடைசியில் பெங்கல், 2025 நவம்பர் கடைசியில் டித்வா. எல்லாம் கார்த்திகை, மார்கழி மழைக்குள்தான். ஆகவே ஒரு கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களின், ஆயத்தம் ஒக்ரோபரில் முடிந்திருக்க வேண்டும். ஒக்ரோபர் செபமாலை மாதமும்கூட. அன்பியங்கள் (பங்கிலுள்ள சிறு அயல் குழுக்கள்) எப்படியும் வீடு வீடாகப் போகின்றன. அந்தச் சுற்றிலேயே நிவாரணத்துக்கான வீட்டுப் பட்டியலையும் எடுத்துவிடுங்கள்.

நிவாரணம் பிழையாகிப்போகும் இடங்களில் பெரும்பாலும் அரிசி குறைவாக இருப்பதில்லை, பட்டியல்தான் இருப்பதில்லை. வெள்ளம் வந்த பிறகு எழுதும் பட்டியலில் சத்தமாகக் கேட்பவர்களின் பெயர் முதலில் ஏறும். படுக்கையில் கிடக்கும் கிழவியின் பெயர் மூன்றாம் நாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

பட்டியலில் என்ன இருக்கவேண்டும்

வீட்டுக்கு ஒரு வரி போதும்: குடும்பத் தலைவர் அல்லது தலைவி, ஆட்கள் எத்தனை, ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை, கர்ப்பிணி, தனியே வாழும் முதியவர், நடக்க இயலாதவர், இன்சுலின் அல்லது டயாலிசிஸ் எடுப்பவர், கூரை ஓடா சீற்றா தகரமா ஓலையா, குடிதண்ணீர் எங்கிருந்து, வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தால் எந்த உறவினர் வீட்டுக்கு. கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். அதில்தான் தங்குவதற்குப் பங்கு மண்டபத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியும்.

எல்லையை ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்துப் போடவேண்டாம், ஒழுங்கையை வைத்துப் போடுங்கள். ஒரே ஒழுங்கையில் இருக்கும் சைவக் குடும்பமும் இஸ்லாமியக் குடும்பமும் அதே வெள்ளத்தில்தான் நிற்கும். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு மட்டும் பொதி கொடுத்த பங்கு, அடுத்த பத்து வருடத்துக்கு அந்த ஒழுங்கையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

பட்டியலைக் கொப்பியில் எழுதி, பொலித்தீன் பையில் இட்டு, ஒன்றைப் பங்குமனையிலும் மற்றதை அந்தந்த அன்பியத் தலைவரிடமும் வையுங்கள். தொலைபேசியில் மட்டும் இருந்தால் மின்சாரம் போன இரண்டாம் நாளே அது இல்லாத பட்டியல்தான். நவம்பர் முதல் வாரத்தில் கிராம அலுவலரிடம் கொண்டுபோய் அரச பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வேறு பிரிவில் பதிவுள்ளவர்களும் அரச பட்டியலில் விடுபடுவது வழக்கம். பங்கின் பணம் முதலில் போகவேண்டியது அவர்களுக்குத்தான், ஏனென்றால் மற்றவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் உலருணவு வரும்.

யார் எதைப் பார்ப்பது

பங்கு மக்களின் பிரதிநிதிகள் இருக்கும் அருட்பணிச் சபை முழுவதும் கூடித் தீர்மானிக்க நேரம் இருக்காது. பட்டியல், களஞ்சியம், சமையல், பணம், வாகனம் என்று ஐந்து பொறுப்பு, ஐந்து ஆட்கள். வின்சென்ட் டி போல் சபையினர் ஆண்டு முழுவதும் வறிய வீடுகளுக்குப் போய்வருபவர்கள். பட்டியலை அவர்களிடம் விடுவது நல்லது. இளையோருக்குப் பாரம் தூக்கும் வேலையோடு பதிவு எழுதும் வேலையையும் கொடுங்கள். சாமான் வாங்குபவரும் களஞ்சியத்தில் பாரமெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. களஞ்சியத் திறப்பு பங்குத்தந்தையிடமும் இருக்கக்கூடாது. நேரில் வந்து அழுபவரிடம் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் அங்கேயே உடையும்.

மறைமாவட்டத்தின் சமூகப்பணி நிறுவனமான கரித்தாஸ் கியூடெக்குக்கு முதல் 24 மணித்தியாலத்துக்குள் ஒரு சிறு அறிக்கை போகவேண்டும்: குடும்பம் எத்தனை, ஆட்கள் எத்தனை, மண்டபத்தில் எத்தனை, உடைந்த கூரை எத்தனை, உடனடித் தேவை மூன்று. "நிறையப் பாதிப்பு" என்று எழுதினால் யாராலும் ஒரு லொறிகூட ஏற்ற முடியாது.

எச்சரிக்கை வந்ததும்

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கோயில் விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். கோயில் மணியையும் பயன்படுத்தலாம். ஆனால் திருந்தாதி மணியோடும் (நாளாந்தச் செப மணி) துக்க மணியோடும் குழம்பாத ஓர் அடியை முன்னமே பூசையில் அறிவித்து, ஒருமுறை அடித்தும் காட்டவேண்டும். மண்டபத்துக்குப் புறப்படுபவர்கள் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, அடையாள அட்டை, மருந்து, குழந்தையின் சுகாதார அட்டை ஆகியவற்றோடு வரட்டும். காற்று திடீரென்று அடங்கினால் புயல் முடிந்துவிட்டது என்று எண்ணி யாரையும் வெளியே விடாதீர்கள். புயலின் கண் (அமைதியான நடுப்பகுதி) கடந்தால் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும்.

கரையோரப் பங்குகளில் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து, இன்ஜினைக் கழற்றி, வலையை உயரத்தில் ஏற்றுவதற்கு ஆட்கள் வேண்டும். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற இடங்களில் ஆண்கள் கடைசிவரை கரையில்தான் நிற்பார்கள். முதல் நாளே இளையோர் போய்க் கைகொடுத்தால் அவர்கள் நேரத்துக்குக் குடும்பத்தோடு வந்துசேர்வார்கள்.

நெடுந்தீவு வேறு கணக்கு. கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து படகு நாட்கணக்கில் ஓடாது. அங்குள்ள பங்குக்கு ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் நவம்பருக்கு முன்னமே இறங்கியிருக்க வேண்டும்.

மண்டபம்

ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் என்பது சர்வதேச அளவு. 20 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உள்ள மண்டபத்தில் அப்படிப் பார்த்தால் 57 பேர்தான். காற்றடிக்கும் ஒரு இரவுக்கு நெருங்கி இருக்கலாம். இரண்டாம் நாளிலிருந்து உறவினர் வீடு உள்ளவர்களை அனுப்பத் தொடங்குங்கள். முதலில் திணறுவது இடமல்ல, மலசலகூடம். 20 பேருக்கு ஒன்று என்பது அளவு. யாழ்ப்பாணத்தில் மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் குழிகள் நிரம்பி எதிர்த்து வரும். ஒக்ரோபரிலேயே பிரதேச சபையின் பவுசரை அழைத்துக் குழியை வெறுமையாக்கி வையுங்கள். பெண்களின் பக்கம் தனியாகவும், உள்தாழ்ப்பாளோடும், இரவு வெளிச்சத்தோடும் இருக்கவேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் பெண்கள் இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள்.

மண்டபம் போதாமல் கோயிலையே திறந்தால், நற்கருணையை (திருவப்பத்தை) முதலில் பங்குமனைக்கு மாற்றுவது பங்குத்தந்தையின் வேலை. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பொலித்தீனில் சுற்றி உயரமான அலுமாரியில் வையுங்கள். பத்திரங்கள் வெள்ளத்தில் போன குடும்பத்துக்கு அந்த ஏடுதான் பிறகு கைகொடுக்கும்.

சமைத்த சாப்பாடு

முதல் நேரத்துக்குப் பாண், பணிஸ், பிளேன்ரீ. அதற்குள் அடுப்பு மூட்டவேண்டும். ஈர விறகுதான் பல சமையல்களைக் கெடுத்திருக்கிறது. விறகை ஒக்ரோபரிலேயே கூரைக்குக் கீழ் அடுக்கி, இரண்டு காஸ் சிலிண்டரையும் ஒதுக்கி வையுங்கள்.

ஒரு பார்சலுக்கு அரிசி 125 கிராம் என்று கணக்கிடலாம். கிலோவுக்கு எட்டுப் பார்சல். 300 பேருக்கு 37.5 கிலோ வரும், 40 கிலோ போடுங்கள். பருப்பு 8 கிலோ, ஒரு மரக்கறி, ஒரு முட்டை. தேங்காய்ப்பால் விட்ட கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் பார்சலுக்கு வேண்டாம். அவைதான் முதலில் பழுதாகும். பருப்பைத் தண்ணியாக விடாமல் இறுக்கமாகக் காய்ச்சித் தாளித்துப் போடுங்கள். சோற்றைக் கிடாரத்திலிருந்து இறக்கிய சூட்டோடு லஞ்சீற்றில் சுற்றி அடுக்கினால் வியர்த்துப் புளிக்கும். பரப்பி ஆவி போகவிட்டுக் கட்டவேண்டும். கட்டிய நேரத்தைப் பெட்டியில் எழுதுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் கைக்குப் போகாத பார்சலைக் கொடுக்காமல் விடுவது நல்லது. மண்டபத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்கு வயிற்றோட்டம் வந்தால் அது புயலைவிடப் பெரிய அனர்த்தம்.

பொதுச் சமையலை மரக்கறியாகவே வைத்துக்கொண்டு முட்டையைத் தனியாகக் கொடுங்கள். கார்த்திகையில் விரதக்காரர் பலர் இருப்பார்கள். இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் தயக்கம் இராது.

உலருணவுப் பொதி

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரம்: அரிசி 10 கிலோ, கோதுமை மா 1 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் 750 மில்லிலீற்றர், சீனி 1 கிலோ, உப்பு 400 கிராம், தேயிலை 200 கிராம், மிளகாய்த்தூள் 250 கிராம், ரின்மீன் 2 அல்லது அதற்குப் பதிலாக சோயாமீற், சவர்க்காரம் 3, பெண்களுக்கான அணையாடை 2 பைக்கற், மெழுகுதிரி, தீப்பெட்டி, நுளம்புச்சுருள். 200 குடும்பத்துக்கு அரிசி மட்டும் 2,000 கிலோ, அதாவது 25 கிலோ மூடை 80. அதை இறக்கி அடுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு லொறியைக் கூப்பிடுங்கள். மூடைகளைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்கவேண்டும். மழைக்காலத்தில் அடிமூடை இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

பொதி 16 கிலோவைத் தாண்டும். ஒரே பையில் போட்டால் முதியவர்களால் தூக்க முடியாது, பையும் கிழியும். அரிசியை ஒரு பையிலும் மற்றதை இன்னொன்றிலும் போடுங்கள். சவர்க்காரத்தை மாவோடு வைக்காதீர்கள். குழந்தைப் பால்மாவைப் பொதுவாக எல்லோருக்கும் கொடுப்பது தவறு. அசுத்தத் தண்ணீரில் கரைத்த பால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு இரட்டிப்பு உணவு கொடுங்கள். தாய்ப்பாலுக்கு வழியில்லாத குழந்தையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

கொடுக்கும் நாளில் அன்பியம் அன்பியமாக நேரம் ஒதுக்கி, இலக்கமிட்ட துண்டை முதல்நாளே வீட்டில் கொடுத்துவிட்டால் வரிசை நீளாது. இயலாதவர்களின் பொதி வீட்டுக்கே போகட்டும். வாங்குபவரின் முகத்தைப் படமெடுக்க வேண்டாம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டக் கையொப்பப் பட்டியலும் பற்றுச்சீட்டும் போதும்.

கிணறு

யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் இலகுவாக ஓடும். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். வெள்ளம் மூடிய கிணறு என்றால், தெளிவாகத் தெரிந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது.

வெள்ளம் வற்ற முன்னர் இறைக்காதீர்கள். சுற்றிவர நிற்கும் அழுக்குத் தண்ணீர்தான் திரும்ப உள்ளே வரும். வெளியிலிருந்து அழுத்தம் கூடிக் கிணற்றுக் கட்டும் இடியலாம். கரையோரத்தில் பம்ப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உவர் ஏறும். விட்டுவிட்டு இறையுங்கள். சேறு அள்ளிய பிறகு தண்ணீரின் அளவைக் கணக்கிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்: 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் என்றால் 3.14 × 1.5 × 1.5 × 2, ஏறக்குறைய 14,000 லீற்றர். குளோரின் தூள் எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும். பழைய தூளின் வீரியம் குறைந்திருக்கும். தூளைப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, அடைய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றவேண்டும். அதுவரை குடிதண்ணீரை வடித்து, கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவைக்கட்டும்.

சேற்றில் இறங்கும் இளையோருக்குச் சப்பாத்தும் கையுறையும் கட்டாயம். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு அவர்கள் சொன்னபடி எடுக்கவேண்டும். அடுத்த சில வாரத்தில் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். பரசிற்றமோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்கக்கூடாது.

தறப்பாள்

4 × 6 மீற்றர் தறப்பாள் வீட்டுக்கு இரண்டு, நைலோன் கயிறு 30 மீற்றர். தகரத்தில் நேரே ஆணி அறைந்தால் அடுத்த காற்றுக்கே கிழியும். பனஞ்சலாகையை மேலே வைத்து அதனூடாக அறையுங்கள். தறப்பாளின் கண் (கயிறு கோர்க்கும் வளையம்) பிய்ந்த மூலையில் ஒரு சிறு கல்லை உள்ளே வைத்து முறுக்கிக் கட்டினால் பிடிக்கும். சாய்வு குறைந்தால் நடுவில் தண்ணீர் தேங்கி எல்லாவற்றையும் இழுத்து விழுத்தும்.

பணமும் பழைய உடுப்பும்

கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் ஊர்ச்சங்கங்கள் உடனே கூப்பிடும். சாமான் அனுப்பவேண்டாம், பணம் அனுப்புங்கள் என்று முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். கொள்கலன் சுங்கத்திலிருந்து வெளிவர வாரங்கள் ஆகும். அதற்குள் வெள்ளம் வற்றிவிடும். பங்கின் ஒரே வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம், ஒவ்வொரு வரவுக்கும் பற்றுச்சீட்டு. யார் எந்த வீட்டுக்கு உதவினார்கள் என்பதைப் பட்டியலில் குறிக்காவிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று சங்கம் கூரை போடும். பக்கத்து வீடு தறப்பாளோடு பொங்கலைக் காணும்.

பழைய உடுப்பை அறிவித்துச் சேர்க்காதீர்கள். தரம் பிரிக்கவே பத்துப் பேர் வேண்டும், பாதியை எரிக்கத்தான் நேரும். புதுச் சாரம், துவாய், உள்ளாடை, பெட்சீற் கேளுங்கள்.

பத்தாம் நாளுக்குப் பிறகு

மண்டபம் வெறுமையானதும் பட்டியலோடு வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். ஒளிவிழா, கரோல் சுற்று நடக்கும் காலம் இது. போகும் குழுவிடம் கொப்பியையும் கொடுத்துவிடலாம். இம்முறை கேட்கவேண்டியவை வேறு. உடைந்த வள்ளத்தின் பதிவிலக்கமும் படமும் கடற்றொழில் சங்கத்துக்குப் போய்விட்டனவா? அழிந்த வெங்காயமும் நெல்லும் கமநல சேவை நிலையத்தில் பதியப்பட்டனவா? அடையாள அட்டை தொலைந்தவர் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கிராம அலுவலரைக் கண்டாரா? பிள்ளையிடம் கொப்பியும் சப்பாத்தும் இருக்கின்றனவா? ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது இந்தக் கடைசிக் கேள்விக்கான பணம் கணக்கில் மிஞ்சியிருக்கும்படி டிசம்பரிலேயே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.