இழை தடித்தும் மெலிந்தும் வந்தால் எங்கே கை வைப்பது?

நாகர்கோவில் பக்கம் மீன்வலை நூல் போடும் யூனிட்டில் ஷிப்ட் பார்க்கத் தொடங்கிய புதிதில் எனக்கு வந்த தலைவலி இது. நீர்த்தொட்டியிலிருந்து ஏறும் எச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) இழை ஒரு சாண் தடியாக, அடுத்த சாண் மெலிசாக, தாளம் தப்பாமல் மாறி மாறி வந்தது. பிளாஸ்டிக்கை உருக்கும் பாரலின் சூட்டைக் கூட்டினேன். ஒன்றும் மாறவில்லை. குளச்சல்காரர் ஒருவர் அந்த நூலை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டு, "பெரிய மீனு ஒண்ணு அடிச்சா பொட்டிப் போவும்" என்றார்.

முதலில் அடுக்களைக்குப் போவோம். மார்த்தாண்டம் தேனைக் கரண்டியிலிருந்து ஊற்றினால் கம்பியாக இறங்கும், திரும்ப ஏறாது. வெண்டைக்காய் நறுக்கிய கத்தியை மெல்ல இழுங்கள்: கொழகொழப்பு நூலாக நீளும், அறுந்தால் கத்திக்கே சுருங்கி ஓடும். தேனுக்குப் பாகுத்தன்மை மட்டும்தான், வெண்டைக்காய்க்கு மீள்தன்மையும் உண்டு. உருகிய பிளாஸ்டிக் வெண்டைக்காய் ஜாதி. உருகியதை இழையாகப் பிதுக்கும் அச்சான டையின் துளையைத் தாண்டியதும் இழை கொஞ்சம் பருப்பது அதனால்தான்.

சரி, மிஷினுக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்து இழைகளைச் சேர்த்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தடித்தால் ஸ்குரூவோ பம்போ விட்டுவிட்டுத் தள்ளுகிறது, அது வேறு வைத்தியம். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் தடித்து, இழையை இழுக்கும் ரோலரின் வேகத்தைக் குறைத்ததும் அடங்கினால், அது இழுவை அலைவு: அளவுக்கு மீறி இழுபடுவதால் இழை தானே தடித்தும் மெலிந்தும் ஆடுவது.

அடுத்தது, இழை எத்தனை மடங்கு இழுபடுகிறது என்ற கணக்கு. துளை விட்டத்தை, தொட்டி தாண்டிய இழையின் விட்டத்தால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். எனக்கு 1 மி.மீ. துளை, 0.2 மி.மீ. இழை: 25. உருகியபோது பாலிஎத்திலீன் அடர்த்தி குறைவு என்பதால் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 20. பியர்சன், மாட்டோவிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1969-இல், தேன் மாதிரிப் பொருள் சூடு மாறாமல் இழுபட்டால் சுமார் 20.2-இல் அலைவு தொடங்கும் என்று கணக்கிட்டார்கள். நான் விளிம்பில்தான் நின்றிருந்தேன்.

ஆனால் நம் பொருள் தேன் இல்லையே! எல்.டி.பி.இ. (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்) மூலக்கூறுச் சங்கிலியில் நீளமான கிளைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று சிக்கி, இழுக்க இழுக்க இறுகும். மெலிந்த இடமே கெட்டியாகி எதிர்ப்பதால் அலைவு தள்ளிப்போகும். எச்.டி.பி.இ. நேர்ச்சங்கிலி, அப்படி இறுகாது. வேகமாக இழுத்தால் இளகும் ரகங்கள் 20-க்கு வெகு முன்பே ஆடத் தொடங்கும். கொஞ்சம் எல்.டி.பி.இ. கலந்தால் ஆட்டம் குறையும், ஆனால் நூலின் பலமும் குறையும். வலைக்கு அது ஆகாது.

நான் செய்தது துளையை 0.8 ஆக்கியதுதான். அதே கணக்கில் சுமார் 13 வந்தது, இழை அடங்கியது. அப்புறம் வந்தது வேறு வம்பு. அதே உற்பத்திக்குச் சின்னத் துளை என்றால், துளைச் சுவரை ஒட்டிய சறுக்கு வேகம் (உருகியதன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும் வீதம்) ஏறக்குறைய இரட்டிப்பாகும். நகத்தால் வருடினால் மேல்பரப்பு சொரசொரத்தது. சுறாத்தோல் என்றே இதற்குப் பெயர், கடற்கரைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். இதற்கு டை சூட்டை ஐந்தைந்து டிகிரியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் நகம் வைத்துப் பாருங்கள். அன்று தப்பான நோய்க்குக் கொடுத்த மருந்து, இந்த நோய்க்குக் கேட்டது.