2147483647: பெரிய முதன்மை எண்ணில் பிள்ளைகள் விடுகிற பிழைகள்

வன்னியில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளிடம் இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், கிளிநொச்சியானாலும் புதுக்குடியிருப்பானாலும் கை முதலில் போவது கல்குலேட்டருக்குத்தான். 3ஆல் போகாது, 7ஆல் போகாது, 11, 13 என்று கொஞ்சம் பார்த்துவிட்டு "சேர், இது முதன்மை எண்" என்று முடித்துவிடுவார்கள். விடை சரி, வழி பிழை. இதன் வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரைக்கும் உள்ள முதன்மை எண்கள் எதனாலும் வகுபடாது என்று காட்டாமல் அப்படிச் சொல்ல முடியாது. வேறு சிலர் எண்ணின் பாதிவரைக்கும் வகுக்க வெளிக்கிடுவார்கள், அது வீண் வேலை: காரணிகள் இரண்டு இருந்தால் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது.

கணித மேதை ஆய்லர் 1772இல் கைக்கணக்காகவே இதை நிறுவினார். இந்த எண் 2இன் 31ஆம் வலுவில் 1 குறைந்தது. அதனால் இதற்கு முதன்மைக் காரணி ஏதும் இருந்தால் அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆகவேண்டும். ஆக, 46340 வரைக்கும் அப்படியான எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும், கூடினது 372 வகுத்தல். பொறுமைசாலிக்கு இரண்டு மூன்று நாள் வேலை என்று நினைக்கிறேன்.

அப்புறம், "31 முதன்மை எண், ஆகவே இதுவும் முதன்மை" என்று எழுதாதீர்கள். 11உம் முதன்மைதான், ஆனால் 2இன் 11ஆம் வலுவில் 1ஐக் கழித்தால் வரும் 2047 தென்னம்பிள்ளையை 23 நிரையாக, நிரைக்கு 89 என்று மிச்சமில்லாமல் நட்டுவிடலாம்.

கம்பஸ் போய் ஜாவா நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் மாட்டுப்படுகிற இடம் வேறு. i*i <= n என்று சுற்றை எழுதி (i வகுத்துப் பார்க்கிற எண், n சோதிக்கிற எண்), n ஆக இதே எண்ணைக் கொடுத்தால், i 46341 ஆனதும் பெருக்கம் 2147488281 ஆகவேண்டும். ஜாவாவின் முழு எண் வகையான int கொள்ளக்கூடிய ஆகப் பெரிய எண்ணே 2147483647தான், அதனால் பெருக்கம் மறை எண்ணாக மாறிவிடும், சுற்று நிற்காது. அது ஓடி ஓடி i கடைசியில் n ஆகவே வந்து சேரும்போது மீதி 0 வரும், நிரலும் வெட்கமில்லாமல் "முதன்மை இல்லை" என்று சொல்லும். i <= n/i என்று எழுதினால் சரி.

எக்செலை நம்பவே வேண்டாம். அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. 2இன் 67ஆம் வலுவில் 1 குறைந்தால் 147573952589676412927, எக்செல் கடைசி ஆறு இலக்கத்தையும் பூச்சியமாக்கிவிடும், பார்த்தவர் 10ஆல் வகுபடும் என்பார். உண்மையில் அதன் காரணிகள் 193707721, 761838257287. 1903இல் கோல் என்ற கணிதவியலாளர் அவற்றைக் கண்டுபிடித்துக் காட்டினார்.

இந்த அளவு எண்ணுக்குப் பைதான் நிரல்மொழி போதும். ஆனால் அங்கேயும் வகுபடுகிறதா என்று பார்க்க மீதியைத் தருகிற % போடுங்கள், ஒற்றைச் சாய்கோடு (/) தசம எண்ணாக்கிக் கடைசி இலக்கங்களைத் தின்றுவிடும்.