பாரி பாண்ட்ஸ் பேச்சு வந்தால் முதலில் ஊரைக் கேளுங்கள்

அமெரிக்கா வந்து ஓரிரு வருடம் ஆகி, கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிட்டார்கள் என்று பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய எல்லோருக்கும் ஒரு நாள் இது நடக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா ஒரு கேள்வி கேட்பீர்கள், இந்த ஆட்டத்தில் அதிக ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி சுவரைத் தாண்டும் அடி, அடித்தவர் யார் என்று. ஒருவர் பாரி பாண்ட்ஸ், 762 என்பார். பக்கத்தில் இருப்பவர் ஹாங்க் ஆரன், 755 என்பார். இரண்டு பேருக்கும் இரண்டு எண்ணும் மனப்பாடம். தெரிந்தேதான் வேறு வேறு பெயரைச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று எழுதி வைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்தேன். பாண்ட்ஸ் கடைசியாக ஆடியது 2007இல், ஆனால் அவருக்கும் ரசிகர்களுக்கும் நடுவில் இருக்கும் கணக்கு இன்னும் தீரவில்லை.

எடுத்தவுடன் "அவர் ஊக்கமருந்து எடுத்தாரா?" என்று ஆரம்பிக்காதீர்கள். நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பதை இங்கேயும் கேளுங்கள்: "உங்களுக்கு எந்த ஊர்?" அடுத்தது, "எந்த வருடத்திலிருந்து பார்க்கிறீர்கள்?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் பாண்ட்ஸ் மேல் இருக்கும் கோபம் ஊருக்கு ஊர் வேறு. பிட்ஸ்பர்க்காரருக்கு ஒரு பழைய காயம், சான் டியேகோக்காரருக்கு வேறொன்று, சான் பிரான்சிஸ்கோவில் கோபத்தைவிட ஆதங்கம்தான் அதிகம். ஒருவரின் காயத்துக்கு இன்னொருவரின் மருந்தைத் தடவினால் பேச்சு அங்கேயே முறியும்.

பிட்ஸ்பர்க் என்று பதில் வந்தால், ஸ்டீராய்டு பற்றி வாயைத் திறக்காமல் 1992 அக்டோபர் 14ஐப் பற்றிக் கேளுங்கள். பாண்ட்ஸ் பைரேட்ஸ் அணியில்தான் 1986இல் தொடங்கினார், 1990இலும் 1992இலும் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கினார், ஆனால் இறுதித் தொடருக்கு அணியைக் கொண்டுபோக முடியவில்லை. அன்று அட்லாண்டாவில், இறுதித் தொடருக்குப் போவது யார் என்று முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், பிட்ஸ்பர்க் 2-1 என்று முன்னிலை, இரண்டு பேர் அவுட், ஓடி நிற்கும் மூன்று பேஸ்களிலும் ஆள். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் போதும். பிரான்சிஸ்கோ கப்ரேரா என்ற அட்லாண்டாவின் மாற்று ஆட்டக்காரர் லெஃப்ட் ஃபீல்டு பக்கம் அடித்தார். அங்கே நின்றவர் பாண்ட்ஸ். ஒருவர் ஓடிவந்து ஆட்டம் சமன். பின்னாலேயே செகண்ட் பேஸிலிருந்து ஓடிவருகிறார் சிட் பிரீம், மூட்டு வலியோடு ஓடுகிறவர், அணியிலேயே மெதுவான கால்கள், அதுவும் முன்பு பிட்ஸ்பர்க்குக்கே ஆடியவர். பாண்ட்ஸ் எறிந்த பந்து கேட்சரின் ஒரு பக்கமாக விலகி வந்தது, கேட்சர் எட்டிப் பிடித்துத் திரும்புவதற்குள் பிரீமின் கால் ரன் கணக்காகும் வீட்டுத் தட்டில் பட்டுவிட்டது. செண்டர் ஃபீல்டில் நின்ற ஆண்டி வான் ஸ்லைக், கொஞ்சம் முன்னால் வந்து நில் என்று தான் சைகை காட்டியதையும் பாண்ட்ஸ் கேட்காததையும் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார், 6 வருடத்துக்கு 43.75 மில்லியன் டாலர். பிட்ஸ்பர்க்கோ அடுத்த 20 பருவங்கள் தொடர்ந்து, வென்றதைவிட அதிகம் தோற்றது. இப்போது யோசியுங்கள், ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகும் வரை ஒரு ஊர் தோற்றுக்கொண்டே இருந்தால், அந்தக் கடைசிப் பந்தை எறிந்தவர் எத்தனை ஹோம் ரன் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன.

1990, 1991, 1992 என்று பிட்ஸ்பர்க்குக்காக ஆடிய மூன்று பிளே ஆஃப் தொடர்களில் அவருடைய பேட்டிங் சராசரி .191, ரொம்பக் குறைவு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டாம், அவர்களே சொல்வார்கள்.

சான் பிரான்சிஸ்கோ, அல்லது பொதுவாக பே ஏரியா என்றால் கதை தலைகீழ். நம் தமிழர்கள் நிறையப் பேர் ஃப்ரீமான்டிலும் சன்னிவேலிலும் இருப்பதால் நீங்கள் அதிகம் சந்திக்கப் போவது இவர்களைத்தான். 1992இல் ஜயன்ட்ஸ் அணி ஃப்ளோரிடாவுக்கு மூட்டை கட்டும் நிலையில் இருந்தது. உள்ளூர் முதலீட்டாளர்கள் வாங்கி நிறுத்தினார்கள், நிறுத்திய கையோடு செய்த முதல் பெரிய காரியம் பாண்ட்ஸை அழைத்து வந்தது. அவருடைய அப்பா பாபி பாண்ட்ஸ் அதே ஜயன்ட்ஸுக்கு ஆடியவர், ஞானத் தந்தை வில்லி மேஸ். ஆக, அவர்களுக்கு வீட்டுப் பிள்ளை வீடு திரும்பியது போல. 2000இல் தண்ணீர் ஓரமாகப் புது மைதானம் கட்டியபோது அதை நிரப்பியது பெரும்பாலும் இவர் ஆட்டம். ரைட் ஃபீல்டு சுவரைத் தாண்டி, நடைபாதையையும் தாண்டி, மெக்கோவி கோவ் தண்ணீரில் நேராகப் போய் விழுந்த பந்துகளில் இவர் அடித்தவை மட்டும் 35. பந்தைப் பிடிக்க மக்கள் படகில் மிதந்தபடி காத்திருந்தார்கள்.

இங்கே வாக் என்பதைக் கட்டாயம் புரிந்துகொள்ளுங்கள். கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேனுக்குப் பயந்து எல்லாப் பந்தையும் வைடாகப் போட்டால் எதிரணிக்கு ரன் சேரும், அதனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. பேஸ்பாலில் எட்டாத இடத்தில் நான்கு பந்து போட்டால் பேட்டர் முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம், அவ்வளவுதான் தண்டனை. 2004இல் மட்டும் பாண்ட்ஸுக்கு 232 வாக், அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. 1998இல் மூன்று பேஸும் நிரம்பியிருந்தபோதே அரிசோனா அணி அவரை நடக்கவிட்டது, ஒரு ரன் தானாகப் போனாலும் பரவாயில்லை என்று. இப்படி ஒவ்வொரு முறை எதிரணி பயந்து ஒதுங்கும்போதும் ஜயன்ட்ஸ் ரசிகர்கள் ரப்பர் கோழிப் பொம்மை ஒன்றைச் சுவரில் தொங்கவிடுவார்கள், அங்கே கோழி என்றால் கோழை. மஞ்சள் கோழிகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் போய் "ஏமாற்றுக்காரர்தானே" என்று சொன்னால் அவருடைய சிறுவயதையே பொய் என்று சொல்வது போல் ஆகும். அப்படிச் சொல்லாதீர்கள்.

மற்ற ஊர்க்காரர்களின் கோபம்தான் நேரடியாக மருந்து சம்பந்தப்பட்டது. கையில் நட்சத்திரக் குறி போட்ட அட்டைகளோடு வருவார்கள், புத்தகத்தில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் குறி இருந்தால் 'இதற்குக் கீழே ஒரு விளக்கம் உண்டு' என்று அர்த்தம் இல்லையா, அந்த அர்த்தத்தில். 2006 பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் சான் டியேகோவில் ஒருவர் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை மைதானத்துக்குள் வீசினார். பாண்ட்ஸ் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். அடுத்த வருடம் அதே சான் டியேகோவில்தான் 755ஐ எட்டினார், பார்த்துக்கொண்டிருந்த, லீக்கின் தலைமைப் பொறுப்பில் இருந்த கமிஷனர் பட் செலிக் பேன்ட் பைக்குள் கையை விட்டபடி எழுந்து நின்றார், கைதட்டவில்லை.

சரி, மருந்து விஷயம். பேச்சு இங்கே வந்துவிட்டால், நிரூபணமானது எது, ஊர் நம்புவது எது என்று பிரித்துப் பேசுங்கள். பால்கோ என்ற நிறுவனம் ஆட்டக்காரர்களுக்கு மருந்து கொடுத்த வழக்கில் 2003 டிசம்பரில் பாண்ட்ஸ், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொன்னார். பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் கொடுத்தவை ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்றுதான் நினைத்தேன் என்றார். பொய்ச் சாட்சி சொன்னதாக 2007 நவம்பரில் குற்றம் சாட்டினார்கள். ஆண்டர்சன் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துச் சிறைக்கே போனார். 2011இல் பொய்ச் சாட்சிக் குற்றச்சாட்டுகளில் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, நீதிக்கு இடையூறு செய்தார் என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். அந்த ஒன்றும் எதற்காக என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: ஆண்டர்சன் ஊசி போட்டுக்கொள்ள ஏதாவது கொடுத்தாரா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், பிரபலமான அப்பாவுக்குப் பிள்ளையாக வளர்ந்ததைப் பற்றி நீளமாகப் பேசினார், அதற்காக. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. ஆக, சட்டத்தின் கண்ணில் அவர் மேல் குற்றம் எதுவும் நிற்கவில்லை. தெரிந்தே எடுத்தார் என்றுதான் பெரும்பாலான ரசிகர்கள் நம்புகிறார்கள், என் கருத்தும் அதுதான், ஆனால் நம்பிக்கையைத் தீர்ப்பு மாதிரி பேசக் கூடாது.

இதோடு சேர்த்து ஆட்டத்தை நடத்தியவர்களின் பங்கையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஸ்டீராய்டு கூடாது என்று 1991இலேயே கமிஷனரின் சுற்றறிக்கை போனது, ஆனால் சோதனை கிடையாது. 1994இல் வேலைநிறுத்தத்தால் இறுதித் தொடரே ரத்தாகி மக்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். 1998இல் மார்க் மெக்குவயர் 70 ஹோம் ரன், சாமி சோசா 66 என்று அடித்துத் தள்ளியபோது அந்த மக்களெல்லாம் திரும்பி வந்தார்கள், டிக்கெட் விற்றது, யாரும் கேள்வி கேட்கவில்லை. மருந்து எடுத்ததை மெக்குவயர் 2010இல்தான் ஒப்புக்கொண்டார். பெயர் வெளியிடாத சோதனை 2003இல் தொடங்கியது, பிடிபட்டவர்களை ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைப்பது 2005இல். பாண்ட்ஸ் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்தது 2001இல், அந்த ஜூலையில் அவருக்கு 37 வயது முடிந்திருந்தது.

எண்களைப் பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். அவருடைய கணக்கை 1998 முடிவோடு மடித்துவிடுங்கள். 411 ஹோம் ரன், 445 பேஸ் திருட்டு, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, 3 எம்விபி, ஃபீல்டிங்குக்கான 8 கோல்டு கிளவ் விருது. சந்தேகத்துக்குரிய வருடங்கள் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் என்பது பலருடைய கணிப்பு. அதற்கு முன்பே எல்லாக் காலத்துக்குமான பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தவர். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு வலிக்கும், இவருக்கு எதற்கு இது என்று. எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் ஒத்துப்போகும் இடமும் இதுதான், அதனால் பேச்சு சூடாகும்போது இங்கே கொண்டுவந்து விடுங்கள்.

ஆரன் பெயரை மரியாதையோடு எடுங்கள். 1974இல் பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டப் போகும்போது, கறுப்பின மனிதர் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அவ்வளவையும் தாங்கிக்கொண்டு வாங்கிய எண் 755, அதை இப்படி இழக்க வேண்டுமா என்பது சிலரின் வருத்தம். அதே நேரம், பாண்ட்ஸை மட்டும் குறிவைத்து அடித்ததில் நிறத்துக்குப் பங்கு உண்டு என்று நினைக்கும் கறுப்பின ரசிகர்களும் நிறைய. வாதாடாமல் இரண்டையும் கேளுங்கள். 2007 ஆகஸ்ட் 7 இரவு, வாஷிங்டன் பிட்சர் மைக் பாக்சிக் போட்ட பந்தில் 756 வந்தது, பாண்ட்ஸ் வீட்டுத் தட்டை மிதித்து, இறந்துபோன அப்பாவை நினைத்து வானத்தைக் காட்டினார், வில்லி மேஸ் மைதானத்துக்கு வந்தார், அப்புறம் பெரிய திரையில் ஆரனே தோன்றி வாழ்த்தினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பந்தை ஏலத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ, என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, மக்கள் சொன்னபடியே நட்சத்திரக் குறியைப் பொறித்து, ஆட்டத்தின் பெரிய பெயர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அனுப்பினார். பந்து உள்ளே போய்விட்டது, அடித்தவர் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள், 75 சதவீதம் வேண்டும், 10 முறை வாய்ப்பு. 2013இல் 36.2இல் தொடங்கி 2022இல் 66 வரை வந்து நின்றது. ஓட்டுப் போட்டவர்களில் பலர் அவர் உடைமாற்றும் அறையில் எரிந்து விழுந்து துரத்திய பத்திரிகையாளர்கள் என்பதும் உண்மை, அந்தக் கெட்ட பெயர் வந்ததற்குத் தானே காரணம் என்று 2016இல் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். பாண்ட்ஸை நோக்கிக் கைதட்டாத செலிக் 2017இலேயே உள்ளே போய்விட்டார். சான் பிரான்சிஸ்கோக்காரர் குரல் உயர்த்தினால் அது இந்த இடத்தில்தான் இருக்கும், உயர்த்த விடுங்கள், நியாயம் இருக்கிறது.

கடைசியாக, பேச்சு எங்கே சிக்கினாலும் ஒரு பிட்ஸ்பர்க்காரரைத் தேடிப் பிடியுங்கள். 1993இல் பாண்ட்ஸ் வேறு சட்டை போட்டுத் திரும்பி வந்தபோது அந்த ஊர் கூச்சல் போட்டு விரட்டியது. 2014இல் ஆண்ட்ரூ மெக்கட்சனுக்கு எம்விபி விருதைக் கொடுக்க வந்தபோது கூச்சலும் கைதட்டலும் கலந்து கேட்டன. 2024 ஆகஸ்ட் 24இல் பைரேட்ஸ் அணி தன்னுடைய ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது, ஒரு காலத்தில் பயிற்சி மைதானத்தில் கேமராக்கள் முன்னாலேயே அவரைத் திட்டித் தீர்த்த மேனேஜர் ஜிம் லேலண்டும் அதே நாளில் சேர்க்கப்பட்டார். அந்த நாளில் நீங்கள் கைதட்டினீர்களா என்று அந்தப் பிட்ஸ்பர்க்காரரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.