ஓடாத படங்களுக்குள் நல்ல படத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஒரு படம் தோற்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் படத்துக்குள் இருக்கிறதா, படத்துக்கு வெளியே இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், விடுமுறை நாளில் எதைப் பார்ப்பது என்று திகைத்து ஓடிடி செயலியை அரை மணி நேரம் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும் நிலை பெரும்பாலும் நீங்கிவிடும். கதை, நடிப்பு, இயக்கம் ஆகியவற்றில் உள்ள கோளாறு எத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் மாறாது. வெளியான தேதி, விளம்பரம், திரையரங்குகளின் எண்ணிக்கை, தணிக்கைச் சிக்கல், ரசிகர்கள் மனத்தில் வைத்திருந்த வேறொரு படம் ஆகியவை அந்த வாரத்தோடு முடிந்துபோகின்றன. எனவே நாம் தேட வேண்டியவை, வெளிக் காரணங்களால் மட்டுமே விழுந்த படங்கள்.

முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய மூன்று வாரங்களிலும் பெரிய படங்கள் மோதிக்கொள்வது நம் வழக்கம். அந்த மோதலில் ஒரு படம் வென்றால் கூட வந்தவை பெரும்பாலும் பேச்சில்லாமல் போய்விடும். பிடித்த ஆண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் பண்டிகை வெளியீடுகளை விக்கிப்பீடியா பட்டியலில் பார்த்து, வெற்றிப் படத்தை ஒதுக்கிவிட்டு மிச்சமிருப்பவற்றைக் குறித்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்தவரை பலன் மிகுந்த முறை.

2005-ஆம் ஆண்டின் தமிழ்ப் புத்தாண்டு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ‘பாபா’வுக்குப் பிறகு ரஜினிகாந்த் திரும்பி வந்த ‘சந்திரமுகி’, விஜய் நடித்த ‘சச்சின்’, கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ ஆகிய மூன்றும் அப்போது ஒன்றாக வந்தன. ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைக் கடந்து ஓடியது என்றால், மற்ற இரண்டுக்கும் எவ்வளவு இடம் மிச்சமிருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘மும்பை எக்ஸ்பிரஸ்’, இந்தியாவில் டிஜிட்டல் கேமராவில் படம்பிடிப்பது அரிதாக இருந்த காலத்தில் அவ்வாறு எடுக்கப்பட்ட படம் என்பதால், ஃபிலிமின் பளபளப்புக்குப் பழகிய கண்களுக்கு அன்று சற்று மங்கலாகவே தெரிந்தது. இன்று கைப்பேசித் திரையிலோ வீட்டுத் தொலைக்காட்சியிலோ பார்ப்பவருக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை. காது கேளாத மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஒருவர், தொழில் தெரியாத ஆட்களோடு சேர்ந்து ஒரு சிறுவனைக் கடத்தப் போய், திட்டத்தின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்து விழுவதுதான் கதை. இதில் சிரிப்பு வசனத்தின் இறுதியில் வெடிப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு முன் போட்டு வைத்த முடிச்சு அவிழும்போது வருகிறது. தனி நகைச்சுவைப் பகுதியை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு அது நகைச்சுவையாகவே படவில்லை என்பதில் வியப்பில்லை. பண்டிகைக் கூட்டத்தின் விசில் சத்தத்துக்கு நடுவில் பார்க்க வேண்டிய படமும் அல்ல அது.

1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்த ‘குணா’வும் இதே வரிசையில் சேரும். 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் கொடைக்கானலின் குணா குகையையும் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டையும் கையில் எடுத்த பிறகு, அதுவரை அந்தப் படத்தைப் பார்க்காத ஒரு தலைமுறையே அதைத் தேடிப் பார்த்தது. நாம் அப்படி யாராவது நினைவூட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது எதிர்பார்ப்பு. இயக்குநர் அல்லது நடிகர் பெயரைக் கேட்டதும் நம் மனம் ஒரு படத்தைத் தானாகவே எடுத்து முடித்துவிடுகிறது. திரையில் வருவது அதற்கு ஒத்துவராவிட்டால் கோபம் வருகிறது. ‘உள்ளத்தை அள்ளித்தா’ எடுத்த சுந்தர் சி. இயக்கத்தில், பொங்கல் வெளியீடாக, கமல்ஹாசனும் மாதவனும் நடிக்கும் படம் என்று 2003-இல் கேள்விப்பட்டவர் என்ன நினைத்திருப்பார்? தழும்பேறிய முகமும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பொதுவுடைமைக்காரர் புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழையில் மாட்டிக்கொண்டு நிற்பதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ‘அன்பே சிவம்’ வசூலில் வீழ்ந்ததும், பின்னர் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி வீடுவீடாக வென்றதும் அனைவரும் அறிந்த கதை. உண்மையைச் சொன்னால், அதை இனியும் மதிக்கப்படாத படம் என்று சொல்வது பொருந்தாது. கிடைக்க வேண்டிய பாராட்டுக்கு வட்டியும் சேர்த்துக் கிடைத்துவிட்டது. ‘கவனிக்கப்படாத பத்துப் படங்கள்’ என்ற தலைப்பில் வரும் எல்லாப் பட்டியல்களிலும் அதுவும் ‘ஆரண்ய காண்டம்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஆகியவையும் தவறாமல் இடம்பெறுவதால், அத்தகைய பட்டியல்களை நம்பித் தேடுபவர் ஏற்கெனவே எல்லோரும் கவனித்துவிட்ட படங்களிடமே மீண்டும் மீண்டும் போய் நிற்க நேரும்.

பாட்டு இல்லாமை ஒரு படத்தைக் கவிழ்க்கப் போதுமான காரணமாக நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாமல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலச் சென்னையில் ஒரு கொலை. கொன்றவர் யார் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். நாயகனாகிய சிவாஜி கணேசனோ படம் தொடங்கியவுடனேயே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். முதல் வெளியீட்டில் அது தேறவில்லை. இன்று அதைப் போட்டால், கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே எழுந்து போய்விடும் பிள்ளைகள்கூடக் கொலையாளியைத் தெரிந்துகொள்ளாமல் நகர மாட்டார்கள். 2011-இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ படத்திலும் புதிதாக இசையமைத்த பாடல் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேல், தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்டு, தயாரிப்பாளர் மேல்முறையீட்டுக்குப் போய், வெளியீடு தள்ளிப்போய், கடைசியில் வந்த சுவடு தெரியாமல் திரையரங்கை விட்டுப் போனது. அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தபோது அதைப் பார்த்திருந்தவர்கள் சிலர்தான்.

விமர்சனங்களைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனெனில் ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு தராசு. ஆனந்த விகடன் நூற்றுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தில் ‘16 வயதினிலே’ படத்துக்கே 62.5தான் கொடுத்தது, அந்தத் தராசில் 42 வாங்கிய படம் பார்க்கத்தக்க படம் என்பது அதைத் தொடர்ந்து படித்தவர்களுக்குத் தெரியும், பள்ளிக்கூட மதிப்பெண்ணாக நினைத்துக்கொண்டவர்களுக்குத் தெரியாது. ஆகவே எண்ணை விட்டுவிட்டுக் குறையைப் படியுங்கள். ‘மெதுவாகப் போகிறது’, ‘நாயகனுக்குரிய அறிமுகம் இல்லை’, ‘சோகமான முடிவு’, ‘குடும்பத்தோடு பார்க்க முடியாது’ என்பன போன்ற வரிகள் எழுதியவரின் விருப்பத்தைச் சொல்கின்றன. உங்கள் விருப்பம் வேறாக இருந்தால் அந்தக் குறைகளே உங்களுக்குப் பரிந்துரைகளாகிவிடும். ஆனால் வெவ்வேறு ரசனை உடைய நான்கைந்து பேர், ‘இடைவேளைக்குப் பிறகு கதையே இல்லை’ என்றோ, ‘பாத்திரங்கள் கதைக்கு வசதியாக முட்டாள்களாகிவிடுகிறார்கள்’ என்றோ ஒரே குரலில் எழுதியிருந்தால் படம் உண்மையாகவே சொதப்பியிருக்கிறது என்று கொள்ளலாம். தோற்ற படங்களில் பெரும்பான்மை தோற்க வேண்டியவைதான் என்பதை மறந்துவிட்டுத் தேடினால் ஒரு மாதத்திலேயே அலுத்துவிடும்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவது இன்னொரு வழி. ஒருவருடைய வெற்றிப் படம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதற்கு முன் அவர் செய்து விழுந்த படத்தைத் தேடுங்கள். வென்ற படத்தில் முதிர்ந்து தெரிந்த குணம் முந்தைய படத்தில் அடங்காத உற்சாகத்தோடு இருக்கும். 2017-இல் ‘விக்ரம் வேதா’வைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர், அதே புஷ்கர்–காயத்ரி இணை 2010 தீபாவளிக்குக் கொடுத்த ‘வ – குவாட்டர் கட்டிங்’ படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் விடியலில் சவூதிக்கு விமானம் ஏற வேண்டிய ஒருவன், போவதற்கு முன் கடைசியாகக் குடிக்க வேண்டும் என்று மது கிடைக்காத ஓர் இரவில் சென்னை முழுவதும் அலைகிறான், படம் அவ்வளவுதான். சீரான படம் என்று சொல்ல மாட்டேன், நடுவில் தொய்வும் உண்டு. ஆனால் நம் படங்களில் அபூர்வமாகக் காணக் கிடைக்கும் கிறுக்குத்தனம் அதில் இருக்கிறது. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் இரவுச் சென்னையின் நிறங்களுக்காகவே ஒருமுறை பார்க்கலாம்.

நாயகர்களைவிடத் துணை நடிகர்களும் நடுத்தர அளவு நடிகர்களும் இந்தத் தேடலில் நம்பகமான வழிகாட்டிகள், ஏனெனில் அவர்களுக்குக் காப்பாற்ற வேண்டிய பிம்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ‘மைனா’வில் அறிந்த விதார்த்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 2016-இல் மணிகண்டன் இயக்கிய ‘குற்றமே தண்டனை’ கிடைக்கும். அங்கிருந்து ஓராண்டு தள்ளினால் சுரேஷ் சங்கையாவின் ‘ஒரு கிடாயின் கருணை மனு’ கிடைக்கும். இந்த இரண்டாவது படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புதுமணத் தம்பதியும் உறவினர்களும் ஊராரும் ஒரே லாரியில் ஏறி, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகிறார்கள். வழியில் ஒரு விபத்து. ஓர் ஆள் இறந்து கிடக்கிறான். வெட்டப்பட வேண்டிய கிடா ஓரமாகத் தழை மென்றுகொண்டிருக்க, அதை வெட்டக் கிளம்பியவர்கள் பிணத்தை என்ன செய்வது என்று கூடிப் பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் யோசனை சொல்கிறார்கள், ஒவ்வொரு யோசனையும் சிக்கலை ஒரு முழம் நீட்டுகிறது. அந்த லாரியில் இருக்கும் பெரிசுகளும் பொடிசுகளும் நடிப்பதாகவே தோன்றாது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து பேச்சை ஒட்டுக்கேட்கும் இன்பம் படம் நெடுக உண்டு. இவ்வளவு சிரிக்க வைத்துவிட்டு, யாருக்கு யார் கருணை காட்ட வேண்டும் என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது. ஆனால் அதற்காக யாரும் நின்று சொற்பொழிவு ஆற்றுவதில்லை. பெரிய நட்சத்திரமோ பெரிய விளம்பரமோ இல்லாத இத்தகைய படம், செய்தி வாய்மொழியாகப் பரவுவதற்குள் காட்சிகளை இழந்துவிடுகிறது. சிறுசிறு ஏமாற்று வேலைகளில் பிழைக்கும் மூன்று நண்பர்கள் பெரிய திருட்டு ஒன்றுக்குள் இழுக்கப்படும் ‘ராஜதந்திரம்’ (2015) படத்துக்கும் இந்த நிலைதான். துப்பாக்கியைத் தூக்காமல் மூளையை நம்பும் திருட்டுக் கதைகளை விரும்புபவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

படத்தைத் தேர்ந்த பிறகு எந்த வடிவத்தில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். யூடியூபில் கிடைக்கும் பழைய படங்கள் பல, ஓரங்கள் வெட்டப்பட்டும் பாடல்கள் நீக்கப்பட்டும் நடுவில் பத்து நிமிடம் காணாமல் போயும் இருக்கும். விக்கிப்பீடியாவில் தரப்பட்டுள்ள ஓடும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஓடிடி தளங்களில் உரிமக் காலம் முடிந்தால் படம் சொல்லாமல் மறைந்துவிடும் என்பதால், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தால் பெரும்பாலும் இழப்புதான். கே டிவி போன்ற திரைப்படத் தொலைக்காட்சிகளின் மதிய நேர ஒளிபரப்பை ஏளனம் செய்ய வேண்டாம். எந்தச் செயலியிலும் கிடைக்காத படங்கள் அங்கே எதிர்பாராமல் வந்துபோகின்றன. 2021-இல் ‘மண்டேலா’வும் திரையரங்கைத் தொடாமல் நேராகத் தொலைக்காட்சியில்தான் வெளியானது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பார்க்கத் தொடங்கினால் நாற்பது நிமிடம் கொடுங்கள். இதற்குக் குறைந்தால் மெதுவாகத் தொடங்கும் படங்களுக்கு அநியாயம். இதற்கு மேல் பொறுமை காட்ட வேண்டிய கடன் நமக்கு இல்லை. முன்னோட்டக் காட்சியைப் பார்க்காதீர்கள், கதைச் சுருக்கத்தின் முதல் இரண்டு வரிகளுக்கு மேல் படிக்காதீர்கள். நகைச்சுவைப் படங்களை நாலு பேரோடும், ‘குற்றமே தண்டனை’ போன்ற இறுக்கமான படங்களைத் தனியாகவும் பார்ப்பது உத்தமம்.

பிடித்த படத்தை மற்றவர்களுக்குச் சொல்லும்போது வாயைக் கட்டுவதுதான் கடினம். ‘காவியம்’, ‘இப்படியொரு படம் வந்ததே இல்லை’ என்றெல்லாம் ஏற்றிவிட்டால், எதிர்பாராமல் கிடைத்த இன்பம் என்ற, இத்தகைய படங்களின் பாதிச் சுவையை நாமே பறித்துவிடுகிறோம். எந்த வகைப் படம், எவ்வளவு நேரம், யாரோடு பார்க்கலாம் என்ற மூன்று தகவல்கள் போதும். வீட்டில் எல்லோருமாக உட்காரும் இரவாக இருந்தால் ‘ஒரு கிடாயின் கருணை மனு’வில் தொடங்கலாம்; ‘ஆரண்ய காண்டம்’ பெரியவர்களுக்கு மட்டும் எனச் சான்று பெற்ற படம் என்பதால், பிள்ளைகள் உறங்கிய பிறகு பார்க்க வேண்டும்.