செஞ்சுருள் சங்கக் கூட்டம்: உறுதிமொழியோடு முடிந்துவிடாமல் நடத்த

கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக இயங்குவது செஞ்சுருள் சங்கம். அதன் கூட்டம் என்றாலே பரவும் வழிகள், பரவாத வழிகள், கடைசியில் ஒரு உறுதிமொழி. பரவும் வழிகள் மாணவர்களுக்கு மனப்பாடம். தெரிந்தும் கோட்டைவிடுவது வேறு இடங்களில்: மருந்துக்கடை வாசலில், 'நம்ம ஆளு அப்படியில்ல' என்ற நினைப்பில், இரண்டாவது பீரில். ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் ஒரு மணி நேரத்தை இதற்கே வையுங்கள்.

முப்பது பேர் போதும். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் அறையில் இருக்க வேண்டாம். அவர் முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரே அளவுத் தாளும் ஒரே நிறப் பேனாவும் கொடுத்து எல்லோரையும் கேள்வி எழுதச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர் 'கேள்வி இல்லை' என்றாவது எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிறவர் யாரென்று பின்வரிசை பார்த்துவிடும். பெட்டி காலியாகவே வரும்.

எலும்பும் தோலுமான படங்களைக் காட்டாதீர்கள். எச்.ஐ.வி. இருந்தால் முகத்தில் தெரியும் என்ற தப்பான எண்ணத்தைத்தான் அவை வளர்க்கும்.

ஆணுறையை வாழைப்பழத்தில் மாட்டிக் காட்டுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து, ஓரத்தைக் கையால் கிழிக்க வேண்டும், பல் வேண்டாம். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்ட வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடக் கூடாது, புதியதை எடுக்க வேண்டும். கிழிவதற்கு ஒரு காரணம் உண்டு: வழவழப்புக்குத் தடவும் தேங்காய் எண்ணெய். எண்ணெயும் வாசலினும் லேட்டக்ஸை நைந்துபோகச் செய்யும். தண்ணீர் சேர்ந்த ஜெல்தான் சரி. மாதக்கணக்கில் பர்ஸில் கிடந்த பாக்கெட்டையும் நம்ப முடியாது.

பிறகு வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி. ஒருவர் கடைக்காரர், இன்னொருவர் "அண்ணே, ஒரு பாக்கெட் காண்டம்" என்று கேட்க வேண்டும். முதல் தடவை சிரிப்பார்கள், மூன்றாவது தடவை சாதாரணமாகிவிடும். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்விக்கும் பதில் பழக வேண்டும்: "நம்பிக்கை வேற, டெஸ்ட் வேற. ரெண்டு பேருமே போய்ப் பாத்துட்டு வருவோம்."

எங்கே போவது? அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம். பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. தொற்றிய உடனே சோதித்தால் 'இல்லை' என்று வரலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆணுறை கிழிந்துவிட்டால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணைப் பலகையில் எழுதி, அப்போதே போனில் பதியச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் கேள்வித் தாள்களை அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போடுங்கள். கையெழுத்தைக் கண்டுபிடிக்கிற நண்பர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.